தவிட்டோடு போகும் தாது

சில வருடங்களாகச் செல்பேசித் திரையில் ஒரு கரிய பிசின் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குப்பி, பக்கத்தில் ஒரு குட்டிக் கரண்டி, உடலை முறுக்கிக் காட்டும் ஓர் இளைஞர். பொருளின் பெயர் சிலாஜித். எண்பதுக்கும் மேற்பட்ட தாதுக்கள் அதில் இருப்பதாக விளம்பரம் சொல்கிறது. இருபது கிராம் குப்பிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தும் வாங்குகிறார்கள்.

தமிழ் மருத்துவத்துக்கு இது புதிய சரக்கு இல்லை. சித்த மருத்துவம் வகுத்திருக்கும் 120 உபரசச் சரக்குகளில் ஒன்றான கன்மதம்தான் இது. இமயத்திலும் நடு ஆசியாவின் அல்தாய் மலைகளிலும் கோடை வெயிலில் சூடேறிய பாறை இடுக்குகளிலிருந்து இது கசிந்து வரும். ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் இதைப் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு என்று நான்கு வகையாகப் பிரித்தார். மட்கிய தாவரங்கள் காலங்காலமாகப் பாறைக்குள் அழுந்தி உருவானது என்று இன்றைய ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எடுத்த பிசினை அப்படியே யாரும் மருந்தாகக் கொடுத்ததில்லை. சுத்தி செய்த பிறகுதான் கொடுப்பார்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சிலாசத்து என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கற்பூரச் சிலாசத்து என்று நம்மூரில் விற்பது ஜிப்சம். கன்மதமும் அதுவும் வேறு வேறு பொருட்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிலாஜித்தை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரு நாளைக்குக் கொடுத்த அளவு பெரும்பாலும் 200 முதல் 500 மில்லிகிராம். அந்த மேல் அளவை எடுத்துக்கொண்டாலும் அரை கிராம்தான். அதில் பெரும்பகுதி ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள் போன்ற கரிமப் பொருட்கள். எண்பது தாதுக்களும் மிச்சமிருப்பதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு மெக்னீசியம் மட்டுமே நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தேவை. சிலாஜித்துக்கு வேறு மருத்துவ குணங்கள் இருக்கலாம். அதைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் சொல்லட்டும். உடலுக்கு வேண்டிய தாதுச்சத்தை அந்தக் குட்டிக் கரண்டி கொண்டுவந்து சேர்த்துவிடும் என்ற பேச்சு மட்டும் கணக்கில் நிற்காது. சுத்தி செய்யாத பிசினில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும் என்ற அபாயமும் உண்டு. 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகிய கன உலோகங்களில் ஏதாவது இருந்தது.

தாது வேண்டும் என்றால் எங்கே போவது? நம் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது. அதன் செல்வம் பாறையில் கசிவதில்லை. பாறைமேல் மெல்லிசாகக் கிடக்கும் மண்ணில், கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு மணியாக விளைகிறது. அந்த மணியில் தாது எங்கே இருக்கிறது, அதை நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசப்போகிறது.

மலையும் மணியும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஏறினால் ஜமுனாமரத்தூர். வாணியம்பாடிப் பக்கமிருந்து வருபவர்கள் ஆலங்காயம் வழியாக ஏறுவார்கள். அந்த வழியில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் வருகிறது. திருப்பத்தூர்ப் பக்கத்து மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்த்தொகுதிகள் இன்றும் 'நாடு' என்ற பெயரோடுதான் இருக்கின்றன. இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சாமை இந்த மலையின் சோறு. ஆனி, ஆடியில் மழை விழுந்ததும் சரிவு நிலத்தைக் கீறி விதைப்பார்கள். ரகத்தைப் பொறுத்து மூன்று மாதத்திலோ நான்கு மாதத்திலோ கதிர் முற்றும். சீக்கிரம் வருவது சிட்டஞ்சாமை. காலம் எடுத்து விளைவது பெருஞ்சாமை. வீட்டில் பசி எப்போது வரும், மழை எப்போது நிற்கும் என்பதைப் பார்த்து, எந்த நிலத்தில் எதை விதைப்பது என்று குடும்பத்தில் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். பாசனம் கிடையாது. உரம் என்றால் ஆட்டுப்புழுக்கையும் மாட்டுச் சாணமும்தான். மழை தவறினாலும் ஓரளவு கொடுக்கும் பயிர் இது. நெல் கருகிப்போகும் ஆண்டில்கூட ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

இந்த மணிக்கு வயது அதிகம். ஹரப்பாவிலும் குஜராத்தின் ரோஜ்டியிலும் அகழ்ந்தெடுத்த கரிந்த தானியங்களில் சாமை இருந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் இதைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததில்லை. இங்கேயே காட்டுப் புல்லாக இருந்ததை மனிதர்கள் பழக்கி எடுத்த பயிர்.

களத்தில் அடித்துத் தூற்றிய சாமையை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பூச்சியும் எளிதில் அண்டாது. பழைய வீடுகளில் இதற்கென்றே குதிர் இருந்தது. குதிர் நிறைந்திருந்தால் அடுத்த ஆண்டு மழை பொய்த்தாலும் பயமில்லை. வங்கியும் காப்பீடும் வராத காலத்தில் மலைக்குடும்பங்களின் சேமிப்பு அதுதான்.

உரலில் நடந்தது

சாமை ஏன் தட்டை விட்டு விலகியது என்று கேட்டால், அரிசி ருசியாக இருந்தது என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. உரலைப் பார்த்தால் உண்மையான பதில் தெரியும்.

சாமை மணியின்மேல் இரண்டு உறைகள். வெளியே இருப்பது உமி. கண்ணாடிபோல் வழவழப்பாக, மணியை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். அதை மனித வயிறு செரிக்காது. நீக்கியே ஆக வேண்டும். உமிக்கு அடியில் மெல்லிய படலமாகத் தவிடு இருக்கிறது. மணியின் ஒரு முனையில் முளைக்கரு இருக்கிறது. கொழுப்பு, பி வைட்டமின்கள், மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, நார்ச்சத்து என்று நாம் தேடும் பெரும்பாலானவை இந்தத் தவிட்டிலும் கருவிலும் அடர்ந்திருக்கின்றன. நடுவில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு ஆக வேண்டும் என்றால், பெண்கள் விடியும் முன்பே எழுந்து சாமையை உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். பிறகு முறத்தில் புடைக்க வேண்டும். உமி போகாத மணிகளைப் பிரித்து மறுபடி உரலில் இட வேண்டும். மறுபடி புடைக்க வேண்டும். மணி மிகச் சின்னது என்பதால் உலக்கைக்கு அகப்படாமல் நழுவும். அதே வீட்டில் தண்ணீர் எடுக்கவும், விறகு பொறுக்கவும், காட்டு வேலைக்குப் போகவும் வேண்டியது அதே பெண்தான். நெல்லுக்கு ஆலை எப்போதோ வந்துவிட்டது, சாமைக்கு வரவில்லை. இந்த நிலையில் ரேஷன் கடையில் தீட்டிய அரிசி கிடைத்தால் அந்தப் பெண் எதை உலையில் போடுவார்? அவர் எடுத்த முடிவில் தவறே இல்லை. உலக்கையைத் தூக்காதவர்கள் 'பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள்' என்று அந்தப் பெண்களைக் குறை சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கடும் உழைப்பில் ஒரு நன்மையும் சேர்ந்தே இருந்தது. கைக்குத்தலில் உமி போகும். தவிடு முழுதாகப் போகாது. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் சோறு இருக்கும். மென்று தின்ன வேண்டும். தாதுச்சத்து தட்டுக்கு வந்துவிடும்.

ஆலைகள் வந்தபோதும் அவை மலைக்கு வரவில்லை. இந்தியாவின் சிறுதானிய அரைவைத் தொழில் நாசிக் போன்ற தொலைதூர நகரங்களில் குவிந்தது. மலையில் விளைந்த மணி மூட்டையாக இறங்கி, பல கைகள் மாறி, அரிசியாகி, பொட்டலத்தில் நகரக் கடைக்கு வந்தது. தன் மலையில் விளைந்த சாமையைத் தானே வாங்கித் தின்ன நினைத்தால் விற்ற விலையைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டிய நிலை விவசாயிக்கு.

இதை மாற்ற முயன்றவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் குழுக்களைக்கொண்டு சிறு அரைவை இயந்திரங்களை இயக்கிக் காட்டியது. அங்கே மரவள்ளி படர்ந்து சாமை நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜவ்வாது மலையிலும் வேலை நடந்தது. 2011 முதல் 2014 வரை மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை கனடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தெற்காசியாவின் மானாவாரி நிலங்களில் சிறுதானியங்களை மீட்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் களங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று. கிராம அளவில் வைக்கக்கூடிய உமி நீக்கும் இயந்திரம் அந்தத் திட்டத்தின் முக்கியமான அக்கறை. மணியைச் சுழற்றி வீசிச் சுவரில் மோதவிட்டால் உமி உடைந்து விலகும். தவிடு பெருமளவு மணியிலேயே ஒட்டியிருக்கும். உலக்கை செய்த வேலையை, உலக்கை தந்த வலி இல்லாமல் செய்கிற உத்தி அது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து 2019-ல் ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் வெளிவந்தது. ஜமுனாமரத்தூரில் மலைவாழ் விவசாயிகளே பங்குதாரர்களான உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் இயங்குகிறது. சாமையோடு புளியும் தேனும் அங்கே சேர்கின்றன.

9.3 என்ற எண்

சாமைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். இயற்கை அங்காடிகளின் சுவரொட்டிகளைப் பாருங்கள். நூறு கிராம் சாமையில் இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். இந்த எண் கற்பனை இல்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து சி.கோபாலனும் உடன் பணியாற்றியவர்களும் 1971-ல் வெளியிட்டு, பிறகு பல பதிப்புகள் கண்ட பழைய உணவு அட்டவணையில் இருப்பது. பல தலைமுறை உணவியலாளர்கள் அதைப் படித்துத்தான் வளர்ந்தார்கள்.

அதே நிறுவனம் 2017-ல் புதிய அட்டவணையை வெளியிட்டது. நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, 528 உணவுப் பொருட்களின் மாதிரிகளைச் சேகரித்து, நவீனக் கருவிகளால் அளந்தார்கள். அதில் சாமையின் இரும்பு 1.26 மில்லிகிராம். ஏழில் ஒரு பங்கு! மணியில் ஒட்டியிருந்த மண்ணின் இரும்பும் பழைய அளவீட்டில் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு தீட்டிய மணியை அளந்தார்கள் என்பதிலும் கணக்கு மாறும். எப்படியானாலும் இன்று நாம் கையில் எடுக்க வேண்டியது புதிய எண்ணைத்தான். ஆனால் சந்தை பழைய எண்ணை விடுவதாக இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்னபடி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். இந்த நிலையில், சாமை சாப்பிட்டால் போதும், இரும்பு கிடைத்துவிடும் என்று ஒரு கர்ப்பிணியிடம் சொல்வது ஆபத்தான பொய். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை அவர் நிறுத்தக் கூடாது. இரத்தசோகைக்குக் கொக்கிப்புழுவும் காரணமாகலாம், பரம்பரை இரத்த நோய்களும் காரணமாகலாம். அவற்றுக்குச் சோற்றில் மருந்து இல்லை.

அப்படியானால் சாமை வெறும் பேச்சா? இல்லை. அதே 2017 அட்டவணையில் தீட்டிய வெள்ளை அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு கிராம் அரிசியில் மெக்னீசியம் சுமார் 19 மில்லிகிராம். சாமையில் சுமார் 91. நார்ச்சத்து அரிசியில் 2.8 கிராம், சாமையில் 7.7. புரதம் 7.9 கிராமுக்கு எதிரே 10.1. துத்தநாகம் ஒன்றரை மடங்கு. இரும்புகூட அரிசியைப்போல இரண்டு மடங்கு. குப்பியிலிருந்து எடுக்கும் அரை கிராம் பிசினை நினைத்துக்கொண்டு இந்த 91 மில்லிகிராமைப் பாருங்கள். ஒரு தட்டுச் சோற்றில், யாரும் கரண்டியால் அளந்து கொடுக்காமலே அது வந்து சேர்கிறது. இரும்பு என்ற ஒற்றை எண்ணைத் தூக்கிப் பிடித்துச் சாமையை விற்பது சாமைக்கே கேடு. நாளை யாராவது புதிய அட்டவணையை நீட்டினால் மொத்த நம்பிக்கையும் உடைந்துபோகும். உண்மையான பலம் அதற்கு இருக்கும்போது பொய்யான பலம் எதற்கு?

சிறுதானியங்களும் இரத்தசோகையும் பற்றி 2021-ல் சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் தலைமையில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மனிதர்களிடம் நடத்திய 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தொடர்ந்து சிறுதானியம் உண்டவர்களின் ஹீமோகுளோபின் சராசரியாக 13.2 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த ஆய்வுகளில் கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றின் பங்கு பெரிது. சாமை கலவையில் வந்தது. நம்பிக்கை தரும் செய்தி இது. ஆனாலும் ஊறவைப்பது, புளிக்கவைப்பது, முளைகட்டுவது போன்ற பக்குவங்கள் இல்லாமல் தானியத்தின் இரும்பு முழுதாக உடலில் சேராது. தவிட்டில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிவைத்துக்கொள்ளும். மலையில் இரவு கரைத்துக் காலையில் குடித்த கூழும், ஊறவைத்த பழைய சோறும் அந்தக் கட்டை ஓரளவு அவிழ்த்துவிட்டன. சோற்றோடு கீரையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேர்ந்த கொஞ்சமும் குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி 2024-ல் வந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் திணை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தையும் எடுத்து, தவிட்டோடும் தவிடு நீக்கியும் அளந்து 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். தவிட்டை நீக்க நீக்கப் புரதமும் நார்ச்சத்தும் கொழுப்பும் தாதுக்களும் குறைந்தன; மாவுச்சத்தின் பங்கு ஏறியது. அதாவது நன்றாகத் தீட்டிய சாமை வெள்ளை அரிசியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. விலை மட்டும் அரிசியைவிட மிக அதிகமாகவே இருக்கிறது.

நகரக் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்தத் தீட்டிய சாமைதான். பாலேட்டு நிறத்தில், ஒரே சீராக, பளபளவென்று இருக்கும். வியாபாரி தீட்டுவதற்குக் காரணம் உண்டு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமியை நீக்கிய மணி சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். தீட்டினால் மாதக்கணக்கில் கடையில் தூங்கலாம். வாங்குபவருக்கும் வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்ற எண்ணம். காற்று நீக்கிய பொட்டலத்தில் அடைத்தால் தவிட்டோடும் நாள்பட வைக்கலாம். அந்தச் செலவை யாரும் ஏற்க முன்வராததால், தவிட்டில் இருந்த தாதுவெல்லாம் மாட்டுத் தீவனமாகப் போகிறது. அந்தத் தாதுவைத் தேடித்தான் நாம் குப்பி வாங்குகிறோம்.

மலையில் மிஞ்சியது

1950-களில் இந்தியாவில் சாமை, திணை, வரகு போன்ற சிறிய மணித் தானியங்கள் நாற்பத்தைந்து லட்சம் ஹெக்டேர் அளவில் பயிரானதாகப் பழைய கணக்கு. இன்று ஐந்து லட்சத்துக்கும் கீழே. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் அறிவித்தார்கள். சாமைக்கு அப்படி ஒரு விலை அறிவிப்பே இல்லை. 2018-ஐத் தேசிய சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். நம் நாடு முன்மொழிந்து ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ உலக சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டில் ஐந்து நட்சத்திர விடுதிகளின் விருந்துகளில் சாமை ஏறியது. ஜமுனாமரத்தூர் விவசாயிக்கு அரசு உறுதிசெய்த விலை வரவில்லை.

விலை இல்லாத பயிரை நம்பி இளைஞர்கள் எப்படி மலையில் இருப்பார்கள்? கேரளத்துக்கும் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆடியில் விதைக்கக் கை இல்லாமல் நிலம் தரிசாகிறது. செம்மரம் வெட்டினால் கூலி அதிகம் என்று இடைத்தரகர்கள் சொன்னதை நம்பி ஆந்திரக் காட்டுக்குப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் சாவுகளைச் சாமையோடு நேராக முடிச்சுப் போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு மலையின் சொந்த விளைச்சலுக்கு மரியாதையான விலை கிடைத்திருந்தால், வேறு மாநிலக் காட்டில் இருட்டில் கோடரியோடு நிற்க வேண்டிய தேவை எத்தனை பேருக்குக் குறைந்திருக்கும் என்பதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். பசியை விரட்டிய திட்டம் அது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிறகு அதே கடையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த செறிவூட்டிய அரிசி வந்தது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் சாமையில் உள்ளதைவிட அதிகம். இதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். இரும்பை ஆலையில் சேர்த்துவிடலாம். சாமைத் தவிட்டோடு சேர்ந்து வரும் மெக்னீசியத்தையும் நார்ச்சத்தையும் துத்தநாகத்தையும் செறிவூட்டல் கொண்டுவராது. மலைச்சரிவில் தண்ணீர் கேட்காமல் விளையும் ஒரு பயிரையும் அது காப்பாற்றாது.

வழி இல்லாமல் இல்லை. 2017-ல் ஒடிசா அரசு சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் விதைப்பதற்கு உதவி, கிராமத்திலேயே அரைவை, அரசே கொள்முதல், அங்கன்வாடியிலும் ரேஷன் கடையிலும் விநியோகம் என்று நான்கையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். கேழ்வரகு அங்கே மீண்டும் தட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஜவ்வாது மலையில் இதைச் சாமையில் செய்யலாம். வெகுதூரம் கொண்டுபோக வேண்டியதில்லை. மலையிலேயே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் இருக்கின்றன. உழவர் நிறுவனம் கொள்முதல் செய்து, உமி மட்டும் நீக்கி, சில வாரங்களுக்குள் அந்தச் சமையலறைகளுக்குக் கொடுத்துவிட்டால் சிக்கு வாடைப் பிரச்சினையே எழாது. தீட்ட வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தைகள் தவிட்டோடு சாப்பிடுவார்கள். அப்பா அம்மாவுக்கு விற்ற பணம் வரும்.

வாங்குபவர்களும் ஒன்று செய்யலாம். கடையில் "தீட்டாத சாமை இருக்கா?" என்று கேளுங்கள். பழுப்புக் கலந்து, மணிக்கு மணி நிறம் கொஞ்சம் மாறி இருந்தால் அதுதான் வேண்டும். குறைவாக வாங்கி, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். கழுவி அரை மணி நேரமாவது ஊறவையுங்கள். ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் கேட்கும். வெள்ளைச் சாமையைவிட வேக நேரம் பிடிக்கும், மெல்லவும் வேண்டியிருக்கும். கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ நன்றாகச் சேரும். தீட்டாதது இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த வாரமும் அதையே கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். மொத்த வியாபாரி ஆலையிடம் கேட்பார்.